பெட்டிக்குப் பின்னால் நடக்க ஒரு மெட்டு

பந்தல்குடி தபால் நிலையத்தில் நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது, கரிமூட்டை லாரி ஓட்டுகிற ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "எடைமேடை பூட்டிக் கெடக்கும்மா. அந்தப் பாட்டுக்கார ஐயா தவறிட்டாகளாமே, நெசமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முத்திரையை அப்படியே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். நிஜம்தான்.

தூத்துக்குடி ரோட்டில் லாரிகளுக்கு எடைச் சீட்டுப் போட்டுக்கொடுத்த ஆசீர்வாதம் அண்ணனை, நம் சபையில் பலரும் ஆர்மோனியத்துக்கு மேலே தெரிந்த வழுக்கைத் தலையாகத்தான் அறிவீர்கள். பாடகர் குழுவில் இருபது வருஷம் அவருக்குப் பக்கத்தில் நின்றவள், அதில் பாதி நேரம் அவரோடு சண்டை போட்டவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியும் இருக்கிறது.

நம்மில் யார் இறந்தாலும் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கியதும் ஒரு ஞானப்பாட்டைத் தொடங்குவோமே, அது ஆங்கிலத்திலிருந்து வந்தது. புத்தகத்தில் அதற்கு இரண்டு மெட்டுகள் உண்டு. முதல் மெட்டைப் போட்டவர் இங்கிலாந்தில் பெரிய கோயில் ஒன்றில் ஆர்கன் வாசித்தவர். மற்றதைப் போட்டவர் ஒரு குருவானவர். இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் மெட்டு மூன்றாவது வரியில் ஏறும் பாருங்கள், அப்படி ஓர் ஏற்றம். இரண்டாவதில் நின்றுகொண்டே தூங்கிவிடலாம். எது உசத்தி என்று சபையே இரண்டாகப் பிரிந்து நின்ற காலம் உண்டு.

ஒரு சித்திரை மாத நடுப்பகலில் ஒரு பெரியம்மாவை அடக்கம் பண்ணப் போனோம். கண்மாய்க்கரை வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. முதல் மெட்டில்தான் பாடினோம்; மூன்றாவது வரியில் எல்லோருக்கும் மூச்சு முட்டியது. இறந்தவரின் மகள் மட்டும் விடாமல் இழுத்துப் பாடப் பார்த்து, இருமி, அழுது, நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு கல்லறை வரைக்கும் செருப்புச் சத்தம்தான். திரும்பி வரும்போது அண்ணன் என்னிடம், "அந்த ஆர்கன்காரரு ஒரு நாளாச்சும் இந்த வெயில்ல பெட்டிக்குப் பின்னால நடந்திருப்பாராங்கிறேன்? நடக்கிறவுகளுக்கு மூச்சு விட எடம் வேணாமா?" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

அடுத்த மாதம் சபைக் கமிட்டிக்கு ஓர் எடைச் சீட்டோடு வந்தார். முன்பக்கத்தில் ஏதோ ஒரு பருத்தி லாரியின் எடை. பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு மெட்டு, சுரங்களை ஆங்கில எழுத்தில் குறிக்கிற முறையில் எழுதியிருந்தார். அதே பாட்டுக்குப் புது மெட்டு. ஆர்மோனியம்கூட இல்லாமல், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்துப் பாடிக் காட்டினார்.

சபைச் செயலர் ஞானமுத்து ஐயா, "இது நீயே போட்டதா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"வெள்ளைக்காரன் போட்டது ரெண்டு இருக்கையில எடைமேடையில போட்டது எதுக்குப்பா நமக்கு?"

எல்லோரும் சிரித்தோம். வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். நானும் தூக்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த மெட்டை நான் காதிலேயே வாங்கவில்லை. அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் கழித்து, மூன்றாவதாக ஒரு மெட்டு பழைய புத்தகத்தில் கிடைத்தது என்று சொல்லி ஒரு தாளைக் கொண்டுவந்தார். அழகாக மையால் எழுதியிருந்தது. மேலே, 'மெட்டு: எட்வின் ஹார்ஸ்பி, இங்கிலாந்து'. ஞானமுத்து ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இதாம்ப்பா மெட்டு! வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தேன்" என்றார். அன்றிலிருந்து நம் சபையில் எல்லா அடக்கத்துக்கும் அந்த மெட்டுதான். பெட்டி தூக்குகிறவர்கள்கூடப் பாடிக்கொண்டே நடந்தார்கள். இதை ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறோமே என்று எங்களில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை.

பல வருஷம் கழித்து, ஒரு பதிவுத் தபாலைக் கொடுக்க எடைமேடைக்குப் போனேன். மூலையில் தண்ணீர்க் கேன் வைத்திருந்த பழைய இரும்புத் தராசில் ஒரு பித்தளைத் தகடு. சும்மா குனிந்து வாசித்தேன். செய்தவர் பெயர் போட்டிருந்தது: எட்வின் ஹார்ஸ்பி, இங்கிலாந்து.

"என்னண்ணே, உங்க வெள்ளைக்காரரு தராசும் செஞ்சாரா?"

அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "தராசு மட்டுந்தேன் செஞ்சாரு" என்றார்.

மேசை இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய எடைச் சீட்டை எடுத்துக் காட்டினார். அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. "நானும் கை தூக்குனேன்லண்ணே?" என்று கேட்டேன்.

"தூக்குன. ரெண்டாவது வரிசை. பச்சச் சேல."

எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. இப்போதே போய் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அவர் பதறிப்போனார். "சொன்னா நிறுத்திருவாக தங்கச்சி. மறுபடி மூச்சு முட்டிக்கிட்டு நடப்பாக. வேணாம்." சீட்டை மடித்துக்கொண்டே, "ஒரு தடவயாச்சும் யாராவது 'நம்ம ஆசீர்வாதம் மெட்டு'ன்னு சொல்லிக் கேக்கணும்னு ஆசதேன். இல்லேங்கல" என்றார். பிறகு சீட்டை என் கையில் வைத்தார். "நீ வச்சுக்கோ. நான் இருக்கிறவரைக்கும் வாயத் தொறக்காத. போனப்புறம் ஒன் இஷ்டம்."

நான் வாயைத் திறக்கவில்லை. தனியாக இருக்கும்போது 'ஹார்ஸ்பி அண்ணே' என்று கூப்பிட்டுக் கேலி பண்ணினதோடு சரி.

அவருடைய பெட்டியைத் தூக்கியபோது போதகர், "இங்கிலாந்து தேசத்து எட்வின் ஹார்ஸ்பி மெட்டில் பாடுவோம்" என்று அறிவித்தார். அன்றைக்கு நான் ஒரு வரியும் பாடவில்லை. மண் போட்டு முடிந்ததும் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கி, சீட்டைக் காட்டி, கை தூக்கின கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் மனைவி எஸ்தர் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல எந்நேரமும் இதத்தேன் முணுமுணுத்துக்கிட்டே இருப்பாக. வெள்ளைக்காரன் பாட்டுன்னுல்ல நெனச்சேன்" என்று அழுதார். ஞானமுத்து ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணன் பயந்த மாதிரியே இனி இதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு நான்தான் காரணம்.

போன வாரம் நம் சபையில் இன்னொரு சாவு. பெட்டியைத் தூக்கினார்கள். போதகர் புத்தகத்தைப் பிரித்து, எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல், "எந்த மெட்டு?" என்று தயங்கினார். முன்னால் தடி ஊன்றி நின்ற ஞானமுத்து ஐயா திரும்பாமலேயே, "நம்ம ஆசீர்வாதம் மெட்டுதேன். வேற எது?" என்று சொல்லிவிட்டு, அவரே எடுத்துக்கொடுத்து நடக்க ஆரம்பித்தார்.

அண்ணனுடைய எடைச் சீட்டு என் பாட்டுப் புத்தகத்துக்குள் இருக்கிறது. எதிராகத் தூக்கின கையும் என்னிடம்தான் இருக்கிறது, அதை எங்கே கொண்டுபோய் வைக்க? ஆனால் அவர் கேட்க ஆசைப்பட்ட அந்த ஒரு வார்த்தையை அவருக்காக நான் கேட்டுவிட்டேன். கண்மாய்க்கரை வெயிலில் கல்லறை வரைக்கும் ஒருவரும் பாட்டை நிறுத்தவில்லை, அண்ணே.