சின்ன எபி

சாராள் அக்கா வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, கேஸை மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்காமல் ஒரு ஞாயிறும் ஆராதனைக்கு வந்ததில்லை. வார நாட்களில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பார். செலையூரில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக்குப் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் டீச்சர். பிள்ளைகளை எங்கே அழைத்துப்போனாலும் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். நான் அவருக்குத் துணை டீச்சர், ஃபிரெடி. கேலி செய்வதில் மட்டும் நான் தலைமை.

போன மே மாதம் வண்டலூர் தாண்டி ஒரு விமான, விண்வெளிக் காட்சியகத்துக்குப் பத்தொன்பது பிள்ளைகளோடு வேனில் போனோம். கிளம்பும்போது ஜோசலின் தன் மகனின் கையை அக்காவின் கையில் வைத்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவன். “உங்கள நம்பித்தான் அனுப்புறேன் டீச்சர்” என்றாள். வேனில் ஏறும்வரை அக்கா அந்தக் கையை விடவேயில்லை.

பிள்ளையின் பெயர் எபினேசர். எங்கள் சபையில் கல்லெறிந்தால் ஏதாவது ஓர் எபினேசர் மேல்தான் விழும். வகுப்பிலேயே இரண்டு பேர். பத்து வயதுக்காரன் வெறும் எபி. இவன் சின்ன எபி. வேனில் ஏறியதும் இவன் ஒரு கோரிக்கை வைத்தான்.

“டீச்சர், எனக்கு ஆறு வயசாயிடுச்சு. இனிமே சின்ன எபி வேணாம். எபின்னே கூப்பிடுங்க.”

“சரிடா ராஜா” என்றார் அக்கா.

காட்சியகத்தில் அவர் விமானத்தையும் பார்க்கவில்லை, ராக்கெட்டையும் பார்க்கவில்லை. தலைகளைத்தான் பார்த்தார். ஏழாவது முறை எண்ணத் தொடங்கியபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“அக்கா, புள்ளைங்களே சிரிக்குதுங்க. பேர் கூப்ட்டா போதாதா? பதறாத காரியம் சிதறாது.”

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் கேட்டுக்கொண்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக, பிள்ளைகள் ஏறி உட்காரக்கூடிய ஒரு விண்கல மாதிரிக்குப் போனோம். பேர் சொன்னால்தான் இறங்க வேண்டும் என்று சொல்லி, அக்கா வாசலில் நின்று, பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பிறகு வேனில் பட்டியலை வாசித்தார். “எபி?” “பிரசன்ட் டீச்சர்!” அடுத்த பேரும் அதுதான். “எபி?” “பிரசன்ட் டீச்சர்!” இருந்த கூச்சலில் யார் குரல் என்று யார் கண்டது? டிரைவர் வண்டியை எடுத்தார்.

பெருங்களத்தூர் சிக்னலில் வேன் குலுங்கி நின்றபோது, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நீல டிபன் பை நழுவி வந்தது. “இது யாருது?” ஒருவரும் கை தூக்கவில்லை. அக்கா எழுந்து எண்ணினார். பதினெட்டு.

“டேய் எபி, ரெண்டு தடவையும் நீயா சொன்ன?”

“உங்களுக்குக் கேக்கலன்னு நெனச்சேன் டீச்சர்” என்றான் பெரியவன்.

வண்டியைத் திருப்பினோம். அக்காவின் போன் அடித்தது. ஜோசலின். அக்கா அதை மடியில் கவிழ்த்து வைத்தார். அது மறுபடி அடித்தது. அவர் டிபன் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஜெபம்கூட ஒழுங்காக வரவில்லை.

காட்சியகத்தில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். “உள்ள யாரும் இல்ல மேடம், பாத்துட்டோம்” என்றார் காவலாளி. அக்கா அவரைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்.

“எபி! எபி!”

சத்தமே இல்லை. அக்கா நின்றார். பிறகு உடைந்த குரலில் கத்தினார்.

“சின்ன எபி!”

“பிரசன்ட் டீச்சர்!”

விண்கலத்துக்குள், மூலை சீட்டில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது.

“கூப்ட்டேனேடா, ஏன்டா வரல?”

“எபின்னுதானே கூப்ட்டீங்க. அது அந்த எபின்னு நெனச்சேன்.”

அக்கா அவனை வாரி அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். வேனுக்கு வரும் வழியில் போன் மூன்றாவது முறை அடித்தது. இந்த முறை எடுத்தார். “ஜோசலின், நான் உன் புள்ளைய விட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து எடுத்துட்டேன். இப்ப என் இடுப்புலதான் இருக்கான்.” சொல்லிவிட்டுப் போனைப் பிள்ளையின் காதில் வைத்தார்.

அவர் தோளில் சாய்ந்திருந்தவன் மெதுவாகச் சொன்னான்: “டீச்சர், நான் அடுத்த வருஷம் எபி ஆயிக்கிறேன்.”

வேனில் ஏறியதும், யாரும் சொல்லாமலே, தலையைத் தொட்டுத் தொட்டு நான் எண்ண ஆரம்பித்தேன்.