மழையை நிறுத்தச் சொல்லி ரோதை முனியிடம் போனேன்

சாமியை நம்புகிற சொந்த பந்தங்களே, எனக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். எனக்கே அது இன்னும் முழுதாக விளங்கவில்லை.

போன வருஷ மழையில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதிலிருந்து மேகம் இருண்டால் போதும், எனக்கு நெஞ்சு படபடக்கும். சோறு இறங்காது. மகள் ஜெயா மேல்மலையில் கொழுந்து எடுக்கிறாள். தூறல் விழுந்ததும் அங்கே ஓடி, வீட்டுக்கு வா என்று கத்துவேன்.

"இந்தா ஜெயா, ஒங்க கண்டாக்கய்யா வந்துட்டாரு" என்று, வேலையை மேற்பார்க்கிற அதிகாரியாக என்னை ஆக்கி, கூட இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

வீட்டில் ஜெயா அழுதாள். "மண்ணு சரிஞ்சு சாக மாட்டேன்ப்பா. நீங்க பண்றதுலதான் சாகப் போறேன். கொழும்புக்கு வேலைக்குப் போயிறட்டுமா?"

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். இவளும் போனால் எனக்கு யார்?

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையை மூடியதிலிருந்து ரோதை முனிக்குப் பூசை இல்லை. ரோதை என்கிற இயந்திரச் சக்கரத்தைக் காக்கிற சாமி அது. நான் அங்கே கொழுந்து வாட்டின காலத்தில், சேவல் அறுக்காமல் ரோதை சுற்றாது. ஒரு தடவை பூசை பிந்தி, தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய துரையே தேங்காய் வாங்கி வந்தார். அது வேறு கதை. இப்போது பூசை இல்லாத கோபத்தில்தான் முனி என்னை அடித்துவிட்டது என்று நினைத்தேன்.

யாருக்கும் சொல்லாமல் போனேன். பூட்டிய தொழிற்சாலைக் கதவுக்கு முன் சூடம் கொளுத்தி, மழையை நிறுத்து முனியப்பா என்று கும்பிட்டேன். மழை இன்னும் கூடியது. சூடமும் அணைந்தது. அங்கேயே நின்றேன்.

ஜெயா நனைந்துகொண்டு ஓடி வந்தாள். லயத்தில் என்னைக் காணாமல் தேடியிருக்கிறாள்.

"சொல்லிட்டு வர மாட்டீங்களா? நெஞ்சே நின்னுருச்சுப்பா."

"எனக்குத் தெனமும் அப்படித்தான் புள்ள இருக்கு."

அதுவரை கத்தியிருக்கிறேனே தவிர, பயமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. மழையென்றால் அவளுக்கும் பயம்தானாம்.

அங்கேயே ஒதுங்கி உட்கார்ந்து பேசினோம். இனி மழை வலுத்தால் அவள் நேரே, மண் சரியாத இடத்திலிருக்கிற கோயிலுக்கு வருவாள் என்று முடிவு செய்தோம். நான் மாற்றுத்துணிப் பையோடு அங்கே இருப்பேன். மலைக்கு ஓடக் கூடாது. பிறகு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனாள். நெஞ்சில் குறையில்லை, மனப்பாரம்தான் என்றார் டாக்டர்.

நான் கேட்டது மழை நிற்க. அது நிற்கவில்லை. முனிதான் மகளை அனுப்பியதா, அவளாக வந்தாளா, தெரியாது. ஆனால் கும்பிடப் போன இடத்தில்தான் என் வாய் திறந்தது. ஜெயா இப்போது கொழும்புப் பேச்சை எடுப்பதில்லை. படபடப்பு வந்தால், "புள்ள, வந்துருச்சு" என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் சோறு இறங்குகிறது.

உங்களுக்கும் அப்படி இருந்தால் சாமியிடம் சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். எந்தப் பக்கமிருந்து உதவி வரும் என்று நமக்குத் தெரியாது.