லீவுக்கு முன் எழுதிய இரண்டு பக்கம்

கள்ளிக்குப்பம் வனஜாவுக்கு வயது அறுபத்தொன்று. பக்கவாதம் வந்த நடேசன் ஐயாவை, திருமுல்லைவாயில் ஃபிளாட்டில் நாலு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. இப்போது மூன்று நாள் வேண்டும். அவளோடு நர்சிங் பயிற்சி எடுத்தவர்கள் எல்லாம் சேர்ந்து குற்றாலம் போகிறார்கள். ஐயாவின் மகன் ஸ்ரீநாத், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், ஒரு நிபந்தனை போட்டான். செய்ய வேண்டியதை எழுதிக் கொடுக்க வேண்டும். தாளை மட்டும் பார்த்து ஒரு காலைப்பொழுதை அவன் சமாளித்துவிட்டால் அவள் கிளம்பலாம்.

வனஜா இரண்டு பக்கம் எழுதினாள். நாலு தடவை படித்தாள். ஒரு குறையும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சோதனை. வனஜா சிவப்புப் பேனாவோடு மூலை ஸ்டூலில். வாய் திறக்கக் கூடாது. ஐயாவும் உதவக் கூடாது; அதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

எட்டு மணிக்கு தோசை என்றது தாள். ஸ்ரீநாத் ஊட்டினான். ஐயா பொக்கை வாயில் வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்தார். பல்செட் அலமாரி டம்ளரில் கிடந்தது; மாட்டச் சொல்லித் தாளில் இல்லை. அடுத்து உடம்பு துடைத்தல். ஃபேனை நிறுத்தச் சொல்லியும் இல்லை. ஐயாவுக்குப் பல் இருந்திருந்தால் குளிரில் கிட்டியிருக்கும். பிறகு சக்கர நாற்காலி. பிரேக் போடச் சொல்லியும் இல்லை. உட்காரவைத்து அவன் தாளைப் புரட்டுவதற்குள் நாற்காலி ஹாலைப் பார்த்து நகர்ந்தது. ஐயா நல்ல கையைத் தூக்கி, உற்சவர் மாதிரி டிவிக்கு ஆசி வழங்கினார். வனஜா காலை நீட்டிச் சக்கரத்தை நிறுத்தினாள். அதற்குமேல் சிரிப்பு தாங்கவில்லை, ஸ்டூலிலிருந்து சரிந்தாள்.

நாலு வருடமாகக் கை தானாகச் செய்வது பேனாவுக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் உட்கார்ந்து முழுக்கத் திருத்தி எழுதினாள்.

ஞாயிறு காலை மறுசோதனை. பல், ஃபேன், பிரேக் எல்லாம் வரிசையாக நடந்தன. ஸ்ரீநாத் பரீட்சை பாஸானவன்போல நின்றான். ஐயா தாளை வாங்கிக் கடைசி வரியைப் படித்தார். 'சந்தேகம் வந்தால் எந்நேரமும் எனக்கு போன் செய்யவும்.'

"இந்த வரிய அடி, வனஜா. வெந்நீர் வைக்கக்கூட உன்னக் கூப்புடுவான்."

"அடிச்சா பயந்துக்குவாரு ஐயா, உங்க புள்ள."

"பயப்படட்டும். எனக்குப் பொழுது போக வேணாமா?"

வனஜா அடித்தாள். அந்த இடத்தில் டாக்டர் நம்பரை எழுதினாள். சாயங்காலம் மின்சார ரயில் அம்பத்தூர் தாண்டுவதற்குள், போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள்.