சுவரில் அடித்த நாடி

என் அத்தானுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. எங்கேயோ பழுது என்று காதில் விழுந்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். தன் உடம்பை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஓய்வு கிடைத்தால் சின்ன விளக்குச் சரங்களோடு மல்லுக்கட்டுவார். கடைசியாகச் செய்தது, விரலில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டால் நாடித்துடிப்புக்கு ஏற்ப மினுக்கும் சரம். அதற்கான புரோகிராமையும் தானே உட்கார்ந்து எழுதினார். சாய்வு நாற்காலியில் அவர் படுத்திருக்க, முன்னறைச் சுவர் முழுக்க அவருடைய இதயம் சிவப்பாக அடித்துக்கொள்ளும். உள்ளே நடக்க வேண்டியதை வெளியே மாட்டி வைப்பானேன்?

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிற வேலை. ஒருநாள் காய்கறிப் பையோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். விளக்குகள் கொஞ்சம் சீராக அடித்தன. நடுவே ஒரு துடிப்பை விழுங்கின. பிறகு அவசரமாக இரண்டு.

"என்னங்க இது?"

"புரோகிராம்ல ஏதோ கோளாறு. விட்டு விட்டு வருது."

"கோளாறு விளக்குல இல்ல, உங்ககிட்ட. இத நான் தினம் ஈசிஜி பேப்பர்ல பாக்கறேன். கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கிளிப் லூசும்மா. சரி பண்ணிக் காட்டறேன், அப்புறம் பேசு."

அழுதாள், திட்டினாள். மனுஷன் அசையவில்லை.

மறுநாள் காலையில் சரி செய்து காட்டினார். சுவர் அழகாக, பிசிறில்லாமல் அடித்தது. அக்கா விடாமல் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தாள். பாழாய்ப்போன நாடி அந்த நேரம் பார்த்து ஒழுங்காக இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்ப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டாள்.

அவர் என்ன சரி செய்தார் என்று பிறகுதான் தெரிந்தது. துடிப்பு வராத இடத்தில், பழைய வேகத்திலேயே ஒன்றைத் தானாகப் போட்டு நிரப்பிக்கொள்ளும்படி எழுதியிருந்தார்.

வியாழன் சாயங்காலம் நானும் அக்காவும் ஒன்றாக வீட்டுக்கு வந்தோம். முன்னறையில் திரை இழுத்துவிட்டிருந்தது. அத்தான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சுவர் சீராக அடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா, இன்னிக்கும் ஒழுங்காத்தான் இருக்கு. தூங்கட்டும்," என்றாள்.

டீ போட்டோம். அந்தச் சிவப்பு வெளிச்சத்திலேயே உட்கார்ந்து குடித்தோம். அவருடைய பிடிவாதத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு அவருக்கு ஒரு டம்ளர் எடுத்துப்போய் அக்கா தோளைத் தொட்டாள்.

சில்லென்று இருந்தது.

அவர் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள். விளக்குகள் நிற்கவில்லை. அதே வேகம், அதே ஒழுங்கு. இல்லாத துடிப்பை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தன. பிளக்கைப் பிடுங்க ஓடினேன்.

"வேணாம்டா," என்றாள் அக்கா. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."