பிரேக்கரில் தொங்கிய பச்சைப் பொட்டலம்

ஐம்பத்தோரு வயது. அதில் இருபத்தாறு வருடம் மின்வேலை. ஷாக் அடித்தது ஒரே ஒரு முறை. தைவானின் கீலுங் துறைமுகத்துப் பக்கம் பெங் லீச்சுன்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இந்த மூன்று எண்களையும் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு முறை இடது மோதிர விரலின் உணர்ச்சியைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகும்போது மோதிரம் போடுவதில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் உறையில் கீறல் தெரிந்தால் டேப் சுற்றிச் சமாளிப்பதும் இல்லை, நேரே குப்பைக்கூடைதான்.

அக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மீன் உருண்டை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. உறைபெட்டி மோட்டாரின் வயர் இணைப்புப் பெட்டி உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் உள்ளே இருக்கும் மீன் இளகிவிடும் என்று பட்டறைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். தரை முழுக்க ஈரம். லீச்சுன் ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பிரேக்கர் போர்டு சுவருக்கு அந்தப் பக்கம், மாவு பிசையும் அறையில் இருந்தது. அதை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டிவரப் போனவன் அவளுடைய கணவரின் தம்பி மிங்தாவ். பதினோரு வருடமாக அவளோடு வேலை செய்கிறவன்.

"அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு அண்ணி."

"பூட்டு?"

"ஆச்சு, ஆச்சு."

லீச்சுன் மீட்டரை எடுத்து, முதலில் பக்கத்துப் பிளக்கில் வைத்துப் பார்த்தாள். கரண்ட் காட்டியது, மீட்டர் சரியாக இருக்கிறது. பிறகு மோட்டார் வயரில் வைத்தாள். ஒன்றும் இல்லை. திரும்பவும் பிளக்கில் வைத்தாள். காட்டியது. இந்த மூன்றும் முடியாமல் அவள் கை பெட்டிக்குள் போகாது. "மூணு தடவை சாமி கும்பிட்டாச்சா?" என்று மிங்தாவ் வழக்கம்போலக் கேலி செய்தான்.

அரித்த இணைப்புகளைக் கழற்றி, வயர் முனைகளைச் சீவி, ஒன்றோடொன்று படாதபடி விலக்கி வைத்தாள். கொண்டுவந்த புதுப் பெட்டியின் ஓட்டை வயருக்குச் சிறியதாக இருந்தது. வாசலுக்குப் போய் அதை அகலப்படுத்தினாள். பட்டறைக்காரர் தேநீர் நீட்டினார். குடித்தாள். எல்லாமாகப் பத்து நிமிடம்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி மீட்டரை எடுத்தாள். எழுந்து போய்விட்டு வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பது அவள் வழக்கம். பிளக்கில் காட்டியது. வயர் முனைகளில் வைத்தாள்.

இருநூற்று இருபது.

மோட்டாரிலிருந்து வயர் கழற்றப்பட்டிருந்ததால் சின்ன உறுமல்கூட எழவில்லை. மீட்டர் மட்டும்தான் சொன்னது.

அவள் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டு, சுவரைச் சுற்றிப் பிசையும் அறைக்குப் போனாள். போர்டில் பூட்டு இல்லை. பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சைப் பொட்டலம் தொங்கியது. மிஷின் சொன்னபடி கேட்டு ஓடட்டும் என்று ஊரில் எல்லோரும் மிஷின்மேல் வைக்கிற அதே சோளப்பொரிப் பொட்டலம். அதன் கீழே பிரேக்கர் மேல்நோக்கி நின்றது. மதிய வேலைக்கு அப்போதுதான் வந்திருந்த ஷ்யூயிங் அக்கா ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இதை நீங்களா போட்டீங்க?"

"ஆமா. அணைஞ்சு கிடந்துச்சு. உள்ள முன்னூறு கிலோ மீனு. பதறிப்போய்த் தட்டிவிட்டேன்."

லீச்சுன் பிரேக்கரை இறக்கி, அதன்மேல் கையை வைத்தபடியே நின்றாள். மிங்தாவ் பின்னாலேயே வந்துவிட்டான். "நான்தான் பச்சைப் பொட்டலம் தொங்கவிட்டிருந்தேனே, அந்தப் போர்டுல யாராச்சும் கை வைப்பாங்களா அக்கா?"

"ஓடுற மிஷின்ல வைக்கமாட்டேன். நின்னுபோனதை ஓடவைக்கத்தானப்பா அதைத் தொங்கவிடுறது? காலாவதியாகிப் பலிக்காமப் போச்சோன்னு பொட்டலத்துல தேதியைக்கூடப் பாத்தேன்."

"பூட்டு எங்க?" என்றாள் லீச்சுன்.

"வண்டியில. வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. மழை பெய்யுது, பொட்டலமே போதும்னு நெனச்சேன்."

"போய் எடுத்துட்டு வா. வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்."

நனைந்துகொண்டு போய் எடுத்து வந்தான். லீச்சுன் தானே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மறுபடி மூன்று சோதனை. ஒன்றரை மணி நேரம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது உறைபெட்டி ஓட ஆரம்பித்தது. மீன் இளகவில்லை. ஷ்யூயிங் அக்கா ஒரு கிண்ணம் மீன் உருண்டை சூப்பை அவள் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

வண்டியில் ஏறிய பிறகுதான் மிங்தாவ் பேசினான். "ஒரு பொட்டலத்துக்காக இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கணுமா அண்ணி?"

"பொட்டலத்துக்காக இல்ல. பூட்டாம ஆச்சுன்னு சொன்னியே, அதுக்கு."

"அதான் ஒண்ணும் ஆகலையே."

"போய்ப் பாக்காம உன் பேச்சை நம்பினது என் தப்பு. இனிமே என் பூட்டை நானே போடுவேன். நீ ஆச்சுன்னு சொன்னா அதை நம்ப முடியாத எடத்துல உன்கூட எப்படி வேலை செய்யறது, சொல்லு?"

இறங்கும்போது, "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

"நீயே சொல்லு," என்றாள் லீச்சுன்.

அடுத்த வேலை திங்கட்கிழமை, ஐஸ் தொழிற்சாலையில். அதற்கு லீச்சுன் தனியாகத்தான் போகிறாள்.