பலா வேரும் ஒய் இணைப்பும்

புதுக்கடை சந்திப்புக்குப் பக்கத்தில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். குழாய் திரும்பும் இடத்துக்கு எல்போ, இரண்டு குழாய்கள் சேரும் இடத்துக்கு டீ அல்லது ஒய். டீ என்றால் ஒரு குழாய் இன்னொன்றில் செங்குத்தாக வந்து முட்டும். ஒய் என்றால் சாய்வாக வந்து சேரும். இந்தத் தொழிலில் இதற்கு மேல் யோசிக்க எதுவுமில்லை என்று பல வருடம் நிம்மதியாக இருந்தேன்.

நான் வீடு கட்டியபோது அடுக்களைத் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்த்து, பின்பக்கத் தென்னைகளுக்கு விட வேண்டியிருந்தது. வேலைக்கு வந்த பிளம்பர் என் கடையில் வெகுகாலமாகச் சாமான் வாங்குபவர்.

"அண்ணே, கழிவுத் தண்ணிக்கு ஒய் போடுங்க. டீ போட்டா முட்டி நிக்கும்."

"கடையில டீ சும்மா கெடக்குல்லா. அதையே போடும்."

போட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மூன்றாவது மழைக்காலத்தில் அடுக்களைத் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் அங்கேயே நின்றது. அரிசி கழுவினால் குளியலறைத் தரையில் அரிசித் தண்ணீர் வந்தது. என் மனைவி மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. இரண்டு நாள் கிணற்றடியில் பாத்திரம் கழுவினாள். மூன்றாம் நாள் காலையில் சொன்னாள்:

"பைப்புக் கடைக்காரரு வீட்டுல தண்ணி போவலண்ணு பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சு போச்சு."

நான் கம்பி விட்டுக் குத்திப் பார்த்தேன். கம்பியும் உள்ளே மாட்டிக்கொண்டது. அதன் பிறகுதான் பிளம்பரைக் கூப்பிட்டேன்.

அவர் தோண்டி, குழாயை அறுத்து, நீளவாக்கில் பிளந்தார். உள்ளே ஒரு வேர்க்கற்றை, பின்னிய சடை போல. இணைப்பில் இருந்த மயிரிழை விரிசல் வழியாக ஒரு நூல் வேர் நுழைந்து, உள்ளே போய்ப் பெருத்திருக்கிறது. வெளியே எடுத்துத் தரையில் வைத்தோம். எல்போ திரும்பிய இடத்தில் அதுவும் திரும்பியிருந்தது. டீ இருந்த இடத்தில் செங்குத்தாகக் கிளைத்து, மூன்று வருடத்துச் சோற்றுப் பருக்கையையும் தேங்காய்ப் பூவையும் பிடித்து வைத்திருந்தது. என் கடைச் சரக்கை யாரோ வேரில் வார்த்தது போல அளவு பிசகாமல் இருந்தது.

"பிலா மூட்டுக்க வேரு," என்றார் பிளம்பர், கிணற்றடியில் நின்ற பலா மரத்தைக் காட்டி.

"அப்போ அந்த மூட்டை வெட்டிருவோம்," என்றேன்.

"மரத்த வெட்டாண்டாம்," என்றாள் மனைவி. "அது தண்ணி இருக்க எடத்துக்கு வந்திருக்கு. வழி விட்டது நீங்க."

பிளம்பர் குழிக்குள் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

குழாய்க்கு வெளியே, மண்ணில் வளர்ந்த வேரையும் அவர் கொஞ்சம் தோண்டிக் காட்டினார். அங்கே ஒரு வேர்கூடச் செங்குத்தாகப் பிரியவில்லை. எல்லாம் சாய்வாகத்தான் பிரிந்திருந்தன. அவர் தன் பையிலிருந்து ஒரு ஒய்யை எடுத்து வேர்க் கவட்டையின் மேல் வைத்தார். ஏறக்குறைய பொருந்தியது.

"யாரைப் பாத்து யாரு செஞ்சதுண்ணு தெரியல, பாத்தியளா?"

"ஒருத்தரும் யாரையும் பாக்கல," என்றாள் மனைவி. கீழே கிடந்த பலா இலை ஒன்றை எடுத்து நீட்டினாள். பக்க நரம்புகள் நடு நரம்பில் சாய்வாகச் சேர்ந்திருந்தன. "ரெண்டுலயும் தண்ணி தடையில்லாமப் போவணும். வேல ஒண்ணு. அதனால வடிவமும் ஒண்ணு. உங்க டீ மட்டும்தான் கூட்டத்துல சேரல."

எனக்கு வெட்கமாக இருந்தது. டீயையும் ஒய்யையும் எந்நாளும் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஏன் இரண்டு விதமாக இருக்கின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை. தடம் மாற்றி, சரிவு கூட்டி, ஒய் போட்டுக் குழாயை மறுபடி பதித்தோம். தண்ணீர் சத்தமில்லாமல் போனது.

வேர்க்கற்றையை மனைவி கழுவிக் காயவைத்துப் பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் அதைப் பார்த்துப் படம் வரைந்தார்களாம். ஒரு மாணவி பாகம் குறிக்கும்போது, வேர் எல்போ போல வளைந்த இடத்தில் 'முழங்கை' என்று எழுதியிருந்தாள். மனைவி அதற்கு மதிப்பெண் போட்டுவிட்டாள்.

இப்போதெல்லாம் யாராவது டீ கேட்டால், எந்தத் தண்ணீருக்கு, நல்ல தண்ணீருக்கா கழிவுக்கா என்று விசாரிக்கிறேன். சென்ற வாரம் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க யாவாரம் பண்ணுதியளா, கிளாஸ் எடுக்குதியளா?" என்றார். பிறகு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே கேள்வி கேட்பதில்லை.