என் கையில் இருந்த கொசுவத்தி

சாத்தூரில் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது துணைப்பாட வகுப்புதான். செய்யுள் என்றால் பதம் பிரிக்க வேண்டும். இலக்கணம் என்றால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். துணைப்பாடம் என்றால் கதை. கதை என்றால் நானே ஏற்ற இறக்கத்தோடு வாசித்து, நானே கண் கலங்கி, நானே மூக்கையும் உறிஞ்சிக்கொள்ளலாம்.

அந்தக் கதைகளில் பாதிக்கு ஒரே வார்ப்பு. திருடி என்று சந்தேகப்பட்ட வேலைக்காரி கடைசியில் உத்தமி. முரடன் என்று ஊர் ஒதுக்கிய ஆள் கடைசிப் பக்கத்தில் கிணற்றில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றுவான். தப்பாக நினைத்தவர் தலைகுனிவார், மணி அடிக்கும். தேர்வில் அந்தக் கதையைச் சுருக்கி எழுதச் சொன்னால் கடைசி வரி என்ன என்பதையும் நானே சொல்லிக்கொடுத்திருந்தேன்: "புறத்தோற்றத்தைக் கண்டு எவரையும் எடை போடக் கூடாது." அந்த வரியை எழுதாத பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன்.

அந்தக் கதைகளில் தப்பாக நினைக்கிறவர் பண்ணையாராக இருப்பார், மாமியாராக இருப்பார், கடை முதலாளியாக இருப்பார். ஒரு கதையில்கூடத் தமிழ் டீச்சர் கிடையாது. ஆகவே அந்த வரி எனக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும். என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண் பத்து நாளாக வரவில்லை. தாயில்பட்டிப் பக்கத்து ஊர். அப்பா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிறவர். பட்டாசு ஊரில் தீபாவளி சீசனில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லையென்றால் காரணம் கேட்க வேண்டுமா என்ன? அவளோடு வரும் பிள்ளை எழுந்து, "டீச்சர், அவளுக்கு..." என்று ஆரம்பித்தாள். "உக்காரு. எனக்குத் தெரியும்" என்றேன். மறுநாளும் எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தேன்.

பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்க வேண்டிய வாரம் அது. வகுப்பாசிரியை நான். அந்தப் பெண்ணின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "அப்பன் கம்பெனிக்கு அனுப்பிட்டான் மேடம். இனிமே வர மாட்டா" என்று தலைமையாசிரியையிடம் பட்டியலைக் கொடுத்தேன். சொல்லும்போது பெருமூச்சு வேறு விட்டேன். அந்தப் பெண்ணுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வருத்தப்பட்ட நேரத்தில் ஒருவரை விசாரித்திருக்கலாம்.

அன்று சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு. ஜெபம் முடித்துவிட்டு, வாசல் பக்கம் கொசுவத்தியைக் கொளுத்தி வைத்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. செருப்பில்லாத கால். உச்சந்தலை முதல் பாதம் வரை ஈயம் பூசினதுபோல் பளபளப்பு, அதன்மேல் வியர்வைக் கோடுகள். கேட்டுக்கு வெளியே நாலடி தள்ளி நின்று கும்பிட்டார்.

"டீச்சர், பத்து நாளா பள்ளிக்கூடம் வராத பிள்ளையோட அப்பா நான்."

பஸ்ஸுக்குக் காசில்லாமல் பதினைந்து மைலோ என்னமோ சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டைத் திறந்து, "உள்ள வாங்க" என்றேன்.

"இருக்கட்டும் டீச்சர். இங்கனயே நிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. புரிந்துவிட்டது. எனக்கு எல்லாமே சீக்கிரம் புரிந்துவிடும். தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட மனிதர், இன்றைக்கும் என் வாசலில் கூசி நிற்கிறார். அவர் என்ன ஆட்கள் என்று எனக்குத் தெரியாது. அழுக்கையும் வெறுங்காலையும் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவுக்கு நானே இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தா பாருங்க, நீங்க யாருக்கும் தாழ்ந்தவங்க கிடையாது" என்று ஆரம்பித்தேன். ஆண்டவர் சந்நிதியில் எல்லாரும் ஒன்று என்றேன். எங்கள் வீட்டில் அந்த வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை என்றேன். நாங்கள் குடிக்கிற டம்ளரிலேயே தண்ணீர் தருவேன் என்றேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்ததும் என் குரல் இன்னும் கொஞ்சம் கூடியது.

"அந்த மனுசனப் பேச விடேன்" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான், சமூக அக்கறை இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர் உள்ளே வராவிட்டால் என்ன, நான் போவேன். ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி. வெளியே கொசு பிடுங்குமே என்று மறு கையில் கொசுவத்தித் தட்டு. கேட்டைத் தாண்டி அவரை நோக்கி நடந்தேன். அவர் இரண்டடி பின்னால் போனார். "பயப்படாதீங்க" என்று நானும் இரண்டடி முன்னால் போனேன். அவர் சைக்கிளை விட்டுவிட்டு இன்னும் பின்னால் போனார். நான் விடவில்லை. சமத்துவத்தை அவருக்குக் கொடுத்தே தீருவது என்று எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் அவரை விரட்டிக்கொண்டு போய்விட்டேன். சுவரில் முதுகு ஒட்டியதும் அவர் இரண்டு கையையும் நீட்டிக் கத்தினார்:

"டீச்சர், கும்பிடுறேன், அந்தக் கொசுவத்திய மொதல்ல அங்கிட்டுக் கொண்டுபோங்க! மேலெல்லாம் மருந்து!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். கொசுவத்தி முனையில் ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கும் அவர் சட்டைக்கும் இடையில் ஒரு முழம்தான் இருக்கும்.

ஓடிப்போய்த் தட்டோடு தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். "லோடு போற அவசரம், குளிக்காம வந்துட்டேன் டீச்சர். பஸ்ல எவனாச்சும் பீடியப் பத்த வப்பான். அதான் சைக்கிள்ல வந்தேன்" என்று அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல கதாபாத்திரம் திருந்தியிருக்கும். நான், "சரி, அணைச்சாச்சு. இப்பவாவது உள்ள வாங்க" என்றேன்.

"வேண்டாம் டீச்சர்."

அப்படியானால் நான் முதலில் நினைத்தது சரிதான் என்று ஒரு கணம் மனசுக்குள் ஒரு திருப்தி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"வீட்ல அம்மா வந்திருக்கா, டீச்சர். எம் பிள்ளைக்கு முத்துப் போட்டுப் பத்து நாளாச்சு. ஒங்க வீட்ல சின்னப் பிள்ள இருக்குன்னு சொன்னா. அம்மை கண்ட வீட்ல இருந்து வந்து படியேறக் கூடாதுல்ல." கேட்டுக்குள்ளே என் மகனின் மூன்று சக்கர வண்டி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூணு தண்ணி ஊத்திட்டு அனுப்பி வைக்கிறோம். பரீட்சைக்குப் பேரு குடுக்குற நேரமாம். அதச் சொல்லிட்டு வரச் சொல்லி ஒரே அழுக."

அவளோடு வரும் பிள்ளை இரண்டு நாளாக எழுந்து எழுந்து சொல்ல வந்தது இதுதான்.

நான் பேசாமல் நின்றதை அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்: "எம் பிள்ள சொல்லித்தான் விட்டுச்சு டீச்சர். டீச்சர் மொதல்ல வைவாக, நிறையப் பேசுவாக, நீங்க குறுக்க பேசாம நில்லுங்கப்பா. ஆனா என்னையக் கேக்காம எம் பேர அடிக்க மாட்டாகன்னு சொன்னா."

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் கும்பிட்டுவிட்டு நிம்மதியாகச் சைக்கிளை எடுத்தார். அந்தப் பெண் என்னை எடை போட்டதில் வைவதும் பேசுவதும் துல்லியம். தப்பாகிப்போன ஒரே இடம், அவள் என்மேல் வைத்த நம்பிக்கை.

மறுநாள் முதல் மணிக்கு முன்பே தலைமையாசிரியை அறைக்கு ஓடினேன். பட்டியல் உறைக்குள் இருந்தது, உறை ஒட்டப்படவில்லை. நடந்ததைச் சொன்னேன், கொசுவத்தியை மட்டும் விட்டுவிட்டு. "ஒங்களுக்குத் தெரியும்னுல்ல சொன்னீங்க?" என்றார் அவர். பட்டியல் முழுவதையும் புதிதாக எழுதச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் நாற்பத்தோரு பெயரையும் திரும்ப எழுதினேன். அவள் பெயரை மட்டும் மூன்று தடவை சரிபார்த்தேன்.

அடுத்த வாரம் அவள் வந்தாள், கன்னத்தில் புள்ளி புள்ளியாகத் தழும்போடு. அன்றைக்கென்று துணைப்பாடம். கதை முடிந்தது, கடைசி வரியைச் சொல்லியாக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "புறத்தோற்றத்தைக் கண்டு..." என்றேன். எல்லாரும் எழுதினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள், தோள் லேசாகக் குலுங்கியது. அப்பா வீட்டில் போய்க் கொசுவத்திக் கதையைச் சொல்லியிருப்பார், சிரிக்கிறாள் என்று முடிவுகட்டப் போனேன். அப்புறம் அவள் பெஞ்சுக்குப் போய், "என்னம்மா?" என்று கேட்டேன்.

"இருமல் டீச்சர்" என்றாள்.